அறைச் சாவியும் ஷிப்ட் அட்டவணையும்: ஓரகடத்தில் இன்னும் எடுக்கப்படாத ஒரு காதல் படம்

பில்லி வைல்டர் 1960-இல் எடுத்த ‘தி அபார்ட்மென்ட்’ படத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா தன் வீட்டுச் சாவியை மேலதிகாரிகளுக்கு இரவல் கொடுக்கிறான். வீட்டுக்குத் தெரியாத உறவுகளுக்கு அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். அவனுக்குப் பதவி உயர்வு வேண்டும். அனுராக் பாசு 2007-இல் ‘லைஃப் இன் எ மெட்ரோ’ எடுத்தபோது அதே சாவியை மும்பைக் கால்சென்டர் இளைஞன் ஒருவன் கையில் கொடுத்து, அதைச் சுற்றிப் பல ஜோடிகளை நடமாடவிட்டார். 2024-இல் கான் விழாவில் கிராண்ட் ப்ரி வாங்கிய பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ படத்திலோ சாவியே கிடையாது. மும்பையில் வேலைபார்க்கும் மலையாள நர்ஸுக்கும் அவளுடைய முஸ்லிம் காதலனுக்கும் அத்தனை பெரிய ஊரில் ஒதுங்க ஓர் இடமில்லை. கடலோரக் கிராமம் ஒன்றுக்குப் போன பிறகுதான் அவர்களுக்குத் தனிமை வாய்க்கிறது.

பல ஜோடிகளை ஒரே நகரத்தில் பின்னிச் சொல்லும் இந்த வகைப் படங்களை விமர்சகர்கள் மனம், துரோகம், தனிமை என்ற அளவுகோல்களால் அளப்பது வழக்கம். எனக்கு அவை முதலில் இடத்தையும் நேரத்தையும் பற்றிய படங்கள். யாருக்கு அறை இருக்கிறது, எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது, வாடகை யார் தருகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிட்டால் அந்த ஜோடிக்கு என்ன ஆகும் என்பதும் பாதி தெரிந்துவிடும். இந்தக் கேள்விகளோடு சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர்–ஓரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் போனால், தமிழ் சினிமா எடுத்திருக்க வேண்டிய ஒரு படம் அங்கே தொடப்படாமல் கிடக்கிறது.

தமிழில் இந்த வடிவம் புதிதல்ல. எம். சரவணனின் ‘எங்கேயும் எப்போதும்’ (2011) திருச்சியில் ஒரு ஜோடியையும் சென்னையில் ஒரு ஜோடியையும் இரண்டு பஸ்களில் ஏற்றி நெடுஞ்சாலையில் மோதவிட்டது. ஹலிதா ஷமீமின் ‘சில்லுக்கருப்பட்டி’ (2019) நான்கு கதைகளில் நான்கு வயதுக் காதல்களைச் சொன்னது. 2023 மே மாதம் வெளியான ‘மாடர்ன் லவ் சென்னை’ தொடரில் பாரதிராஜா, பாலாஜி சக்திவேல், ராஜு முருகன், தியாகராஜன் குமாரராஜா உட்பட ஆறு இயக்குநர்கள் ஆறு கதைகள் எடுத்தார்கள்.

இவற்றில் ஆட்கள் எப்படிச் சந்திக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ‘சில்லுக்கருப்பட்டி’யில் ஒரு ஜோடி ஷேர் கேபில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பழகுகிறது. பாரதிராஜாவின் கதையில் மெட்ரோ ரயில். ‘எங்கேயும் எப்போதும்’ படத்தில் இண்டர்வியூவுக்கு வந்த பெண்ணோடு வழியில் சிக்கிய ஓர் இளைஞன் டவுன் பஸ் டவுன் பஸ்ஸாக அலைகிறான். அந்தப் பகுதி முழுக்க அந்த அலைச்சல்தான். யார் பக்கத்தில் யார் உட்காருவார் என்று முன்கூட்டித் தெரியாது என்பதே இந்தக் கதைகளின் எரிபொருள். நகரம் என்றாலே தற்செயல் என்ற எண்ணம் திரைக்கதை எழுதுபவர்களின் ரத்தத்தில் ஊறியிருக்கிறது.

ஓரகடத்தில் அந்தத் தற்செயல் கிடையாது. அங்கே யார் பக்கத்தில் யார் உட்காருவார் என்பதை கம்பெனி பஸ் ரூட் பட்டியல் சொல்லும். லைனில் யார் பக்கத்தில் யார் நிற்பார் என்பதை லைன் லீடர் சொல்வார்.

இத்தனைக்கும், இருபதை ஒட்டிய வயதில் கல்யாணமாகாத ஆண்களும் பெண்களும் இவ்வளவு நெருக்கமாகக் குவிந்திருக்கும் வட்டாரம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது. 1998-இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, மறு வருஷம் சாம்சங், 2010-இல் ஓரகடத்தில் ரெனால்ட்–நிஸான், 2012-இல் டெய்ம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. பிறகு பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று அரசின் சிப்காட் தொழிற்பேட்டைகளின் எல்லை விரிந்துகொண்டே போனது. கார்ப் பக்கம் ஆண்கள், செல்போன் பக்கம் பெண்கள் என்பது இந்த வட்டாரத்தின் தோராயமான பாகப்பிரிவினை. 2019-20 ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி இந்தியத் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இந்த வட்டாரத்துப் பெண்களில் கணிசமான பேர் திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, தர்மபுரி என்று வடமாவட்டங்களிலிருந்து பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த கையோடு இந்தப் பக்கம் வந்தவர்கள்.

தரமணியையும் பழைய மகாபலிபுரம் சாலையையும் சினிமா கண்டுகொண்டது. ராமின் ‘தரமணி’ (2017) ஐடி வளாகத்துப் பெண்ணின் சம்பளம், குடி, படுக்கை எல்லாவற்றையும் பேசியது. அந்தப் பெண்ணுக்குச் சொந்த வாடகை வீடு உண்டு. அவள் பூட்டிக்கொள்ளும் கதவு உண்டு. நீலக் கோட்டும் தலைத்தொப்பியும் போட்டுக்கொண்டு செல்போன் பூட்டும் பெண்ணுக்கு அந்தக் கதவு இல்லை. கதாநாயகி ஆவதற்கு இங்கே முதல் தகுதி அழகோ நடிப்போ இல்லை, அட்வான்ஸ் கட்டி எடுத்த வீடு என்று தோன்றுகிறது.

அவள் எங்கே தங்குகிறாள் என்பது 2021 டிசம்பரில்தான் ஊருக்குத் தெரிந்தது. ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யாரோ இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நெருக்கியடித்த அறைகள், தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிவறை என்று செய்திகள் வரிசையாக வந்தன. தொழிற்சாலையை மூடிவைத்து, மறு ஜனவரியில்தான் திறந்தார்கள்.

அதற்கு அரசு கண்ட விடை வல்லம் வடகாலில் எழுந்து நிற்கிறது. 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்த சிப்காட் குடியிருப்பு 706.50 கோடி ரூபாயில் கட்டப்பட்டது. பதின்மூன்று பத்து மாடிக் கட்டடங்கள், அறைக்கு ஆறு பேர், மொத்தம் 18,720 பெண்கள். பழைய விடுதிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு ஊர் அளவுக்குப் பெண்களைத் தங்கவைக்கும் இடத்தில் ஒரு ஜோடி தங்க ஏற்பாடு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. கல்யாணமாகாத உடம்பு என்ற ஒன்றை மனதில் வைத்துப் போட்ட வரைபடம் அது.

உழைப்புச் சந்தையை ஆராய்ந்த புன் ங்காயும் கிறிஸ் ஸ்மித்தும் சீனத் தொழிற்சாலைகளின் இந்த ஏற்பாட்டை ‘விடுதி உழைப்பு முறை’ என்று அழைத்தார்கள். ஆளை ஆலைக்குப் பக்கத்திலேயே படுக்கவைத்தால் அவருடைய வேலை நேரத்தோடு ஓய்வு நேரமும் நிர்வாகத்தின் கைக்குள் வந்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். ஆர்டர் கூடினால் ஓவர்டைம், குறைந்தால் ஊருக்கு. இந்த முறைக்குள் காதல் என்ன ஆகிறது என்பதற்குச் சீனத்தில் ஒரு நல்ல படம் உண்டு. ஜியா ஜாங்கேயின் ‘தி வேர்ல்ட்’ (2004), பெய்ஜிங்கில் ஈஃபில் கோபுரத்தையும் பிரமிடையும் பொம்மையாகக் கட்டிவைத்த ஒரு பூங்காவில் ஆடும் பெண்களையும் காவல் காக்கும் ஆண்களையும் பற்றியது. உலகம் முழுவதும் அவர்கள் காலடியில். போவதற்கு மட்டும் இடமில்லை. போனில் குறுஞ்செய்தி வரும்போதெல்லாம் படம் கார்ட்டூனாக மாறிப் பறக்கத் தொடங்கும். அவர்களுக்கு வாய்த்த ஒரே அந்தரங்க வெளி அந்தச் சின்னத் திரைதான் என்பதை வசனமே இல்லாமல் ஜியா சொல்லிவிடுகிறார்.

தமிழில் இதற்கு மிக அருகில் வந்த படம் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010). கதை நடப்பது ரங்கநாதன் தெருத் துணிக்கடையில். ஆனாலும் விடுதி, மேஸ்திரித்தனம், மாற்றித் தரப்படும் சாப்பாட்டு நேரம், காதலித்தால் வேலை போகும் என்ற பயம் எல்லாம் அப்படியே ஓரகடத்துக்குப் பொருந்தும். படத்தில் என்னால் மறக்க முடியாதது முக்கிய ஜோடி அல்ல. கண்காணிப்பாளர் முன் நிறுத்தப்பட்ட ஓர் இளைஞன், வேலைக்குப் பயந்து, அந்தப் பெண்ணைக் காதலிக்கவே இல்லை என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிடுகிறான். அவள் அங்கேயே மேலிருந்து குதித்துவிடுகிறாள். வில்லன் அந்தக் கண்காணிப்பாளர் என்று படம் காட்டுகிறது. ஆனால் அந்த இளைஞனின் சம்பளத்தை எதிர்பார்த்து ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டால் வில்லனின் முகம் மங்கிப்போகிறது. (2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தபோது பலரும் இந்தப் படத்தைத்தான் நினைத்துக்கொண்டார்கள். சினிமா எதையும் மாற்றாது என்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.)

‘அங்காடித் தெரு’வில் முதலாளி காதலைத் தடுக்கிறார். தொழிற்பேட்டையில் அப்படி யாரும் தடுப்பதில்லை. தடுக்கத் தேவையும் இல்லை, அட்டவணை பார்த்துக்கொள்கிறது.

வழக்கமான மூன்று ஷிப்டை எடுத்துக்கொள்வோம். ஏ ஷிப்ட் காலை ஆறு முதல் இரண்டு, பி ஷிப்ட் இரண்டு முதல் இரவு பத்து, சி ஷிப்ட் பத்து முதல் காலை ஆறு. நேரம் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்பின் இருக்கும். அவன் ஓரகடத்தில் கார்க் கம்பெனி, அவள் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி. அவன் ஏ, அவள் பி என்று விழுந்த வாரத்தில், அவன் வெளியே வரும் நேரத்தில் அவள் உள்ளே போகிறாள். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக முடியும் என்பதால் ஒரு மெசேஜுக்கும் வழியில்லை. அவள் பஸ்ஸில் ஏறி போனைத் திறக்கும்போது மணி பத்தரை. நாலரைக்கு எழ வேண்டியவன் அதற்குள் தூங்கியிருப்பான். அவன் ஏ, அவள் சி என்றால் அது நல்ல வாரம். பகலில் தூங்கி எழுந்த அவளுக்கும் வேலை முடிந்த அவனுக்கும் சாயங்காலம் மூன்று நான்கு மணி நேரம் மிஞ்சும், வார்டன் அவுட் பாஸ் கொடுத்தால். இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட் விழும் வாரம் தீபாவளி மாதிரி. ஆனால் வீக் ஆஃப் ஒரே நாளில் வருமா என்பது வேறு கணக்கு. ‘அவ இந்த வாரம் சி ஷிப்ட்டுண்ணா, நாலு மணிக்கு மேலதான் பேசுவா’ என்ற மாதிரிப் பேச்சில் ஒரு காதலின் மொத்த நிலவரமும் அடங்கிவிடும்.

சங்க அகப்பாட்டு படித்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. பகற்குறி, இரவுக்குறி என்று சந்திக்கும் பொழுதையும் இடத்தையும் வைத்தே துறை பிரித்த இலக்கியம் அது. தலைவி வெளியே வர முடியாமல் வைக்கப்படுவது இற்செறிப்பு; ஊர் வாய் அலர்; இருவரும் ஓடிப்போவது உடன்போக்கு. யாருக்கும் பெயர் கிடையாது என்பதால் அகப்பாட்டு மொத்தமுமே ஒரு பல ஜோடிப் படம் என்றுகூடச் சொல்லலாம். அறையில் உடன் தங்கும் பெண்தான் இங்கே தோழி. வார்டனிடம் பொய் சொல்வதும், ‘எப்பக் கல்யாணம்னு கேட்டுச் சொல்லு’ என்று போனில் அவனை நெருக்குவதும் அவள் வேலை. பழைய துறையில் அதற்கு வரைவு கடாதல் என்று பெயர். ஓர் இடத்தில் மட்டும் பழைய இலக்கணம் தலைகீழாகிறது. பொருள் தேடிப் பிரிவது தலைவனின் உரிமையாக இருந்தது; தலைவி வீட்டில் காத்திருந்தாள். இங்கே பொருள்வயின் பிரிந்து வந்தவள் தலைவிதான். கூரை மாற்றுவதும் தம்பியின் ஃபீஸும் அவள் சம்பளத்தில். அவளைக் கல்யாணம் செய்துகொடுக்க வீட்டுக்கு அவசரம் இல்லாமல் போவதற்கும், அவளாக ஒருவனைத் தேடிக்கொண்டால் வீடு கொதிப்பதற்கும் காரணம் ஒன்றேதான்.

இந்தப் பெண்கள் இரவில் வேலைசெய்ய முடிவதே ஒரு தீர்ப்பின் விளைவு. மாலை ஏழுக்கு மேல் காலை ஆறு வரை பெண்கள் ஆலையில் வேலைசெய்யத் தடைவிதித்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. போக்குவரத்து வசதி உள்ளிட்ட பாதுகாப்பு நிபந்தனைகளும் விதித்தது. சமத்துவத்துக்காக வந்த தீர்ப்பு அது; வந்திருக்கத்தான் வேண்டும். அது ஒரு தலைமுறையின் இரவையும் ஆலைக்குள் கொண்டுபோனது என்பது அதன் மறுபக்கம். 2023 ஏப்ரல் 21 அன்று வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. பத்து நாள் விவாதத்தில் உற்பத்தி பற்றிப் பேசினார்கள், உடல்நலம் பற்றிப் பேசினார்கள், முதலீடு பற்றிப் பேசினார்கள். பன்னிரண்டு மணி நேரமும் பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் போனால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது எப்போது என்று கேட்டவர்கள் என் கண்ணில் படவில்லை. உருப்படியான காரணமாக அது யாருக்கும் தோன்றியிருக்காது.

கல்யாணத்தில்தான் இந்த ஏற்பாடு தன் முகத்தைக் காட்டியது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது: ஃபாக்ஸ்கானின் ஐபோன் ஆலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுகள் கல்யாணமான பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நினைவுக்கு வந்தது. புதிதாகச் சேர்த்தவர்களில் 25 சதவீதம் பேர் கல்யாணமான பெண்கள்தான் என்றும், உலோகம் எதையும் அணியக் கூடாது என்பது எல்லாருக்குமான பாதுகாப்பு விதி என்றும் நிறுவனத் தரப்பு விளக்கியது.

அந்த உலோகம் பெரும்பாலும் மெட்டிதான். மின்னணுப் பாகங்கள் பூட்டும் இடத்தில் உலோகம் ஆகாது என்பதில் பொறியியல் நியாயம் உண்டு. ஆனால் ஆலை கேட் அருகே நிற்கும் ஒரு பெண்ணின் கால் விரலைப் பார்த்தாலே அவள் வாழ்க்கை விவரம் தெரிந்துவிடும் நாட்டில், அந்த விதி பொறியியலோடு நின்றுவிடாது. ஒரு திரைக்கதை ஆசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மெட்டியைப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு, ஆறு பேர் அறையில் கல்யாணமாகாதவளாகத் தங்கும் ஒரு பெண். கோயிலுக்குப் போகும்போது மட்டும் அதை மாட்டிக்கொள்கிறாள். ஓரகடம் பக்கத்தில் ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து நடந்தால் யாரும் ஏன் என்று கேட்காத இடங்களில் ஒன்று வல்லக்கோட்டை முருகன் கோயில். ஓரளவுக்குச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையும் அப்படி, ஆனால் அங்கே கேட்பவர்களும் உண்டு.

பதிவுத் திருமணமும் அவ்வளவு எளிதல்ல. சீர்திருத்தத் திருமணத்தை 1968 முதல் சட்டப்படி ஏற்ற மாநிலம் இது. ஊரறிய அறிவிக்காமல் நடந்தாலும் அது செல்லும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் அந்த வழி. மதம் வேறு என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். ஒருவராவது முப்பது நாள் அந்த வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும், முப்பது நாள் அறிவிப்பு ஒட்டப்பட வேண்டும். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அறிவிப்பின் நகல் அந்த ஊர் அலுவலகத்துக்கும் போகும். எந்த ஊருக்குத் தெரியக் கூடாதென்று இங்கே வந்து விண்ணப்பிக்கிறார்களோ அந்த ஊர்ப் பலகையிலேயே அது ஒட்டப்படும். ஆதாரில் இருப்பது கிராமத்து முகவரிதான். விடுதிக் கட்டிலுக்கு முகவரி கிடையாது.

சாதியை நான் இவ்வளவு நேரம் தள்ளிவைத்ததற்குக் காரணம், சினிமாவும் அப்படித்தான் தள்ளிவைக்கிறது என்பதைக் காட்டத்தான். பா. ரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) பாண்டிச்சேரி நாடகக் குழுவை வைத்து, பல ஜோடிப் படத்தின் நடுவில் சாதியைத் தூக்கி வைத்தது. படம் சில இடங்களில் பிரசங்கமாகிவிடுகிறது. ஆனாலும் அந்தக் கேள்வியை அப்படி நேராகக் கேட்ட நகரக் காதல் படம் வேறு எனக்கு நினைவில்லை. தொழிற்பேட்டையின் லைனில் ஊர்த் தெருப் பெண்ணும் காலனிப் பையனும் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு அருகருகே நிற்கிறார்கள். ஊரில் இது நடக்காது. அந்த அளவுக்கு ஆலை ஒரு விடுதலைதான். பஸ் பிடித்தால் ஊர் நான்கு மணி நேரம் என்பதும், 2024-இல் பள்ளிக்கரணையிலேயே சாதி மாறிக் கல்யாணம் செய்த ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார் என்பதும் அந்த விடுதலையின் எல்லையைச் சொல்லும்.

இந்த வகைப் படங்களில் கட்டாயம் ஒரு வயதான ஜோடி இருக்கும். ‘லைஃப் இன் எ மெட்ரோ’வில் தர்மேந்திராவும் நஃபீசா அலியும், ‘சில்லுக்கருப்பட்டி’யில் ஆமைகளைத் தேடி கடற்கரையில் நடக்கும் முதியவர்கள். நகரம் ஒரு காதலை முதுமை வரை தாங்கியது என்று காட்ட அந்த ஜோடி தேவைப்படுகிறது. ஓரகடத்துப் படத்துக்கு அதை எழுதுவது கஷ்டம். முதல் சான்ட்ரோ வந்தபோது இருபது வயதில் சேர்ந்து, யோகமிருந்து பர்மனென்டாகி, படப்பையிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வீடு கட்டியவருக்கு இப்போதுதான் ஐம்பது நெருங்குகிறது. அவரைத் தேடினால் கிடைப்பார். செல்போன் பக்கம் அப்படி ஒருவரும் உருவாகவில்லை. எட்டாயிரம் பேர் வரை வேலைபார்த்த நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ஆம் தேதி மூடப்பட்டபோது அந்தப் பெண்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தார்கள். 2019-இல் சால்காம்ப் அந்த ஆலையை வாங்கியது. இன்று அங்கே சார்ஜர் செய்யும் லைனில் நிற்பவர்களும் அதே வயதுதான்.